மேற்குப் பார்த்த வாடகை வீடு: ஆணி அடிக்காமல் ஜன்னல் வெயிலைத் தடுக்க என்ன வழி?

மாலைவெயில் · மார்ச் 9, இரவு 9.40

மலேசியா, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மாடி இல்லாத டெரஸ் வீடு, ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று, நானும் அம்மாவும் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டு வாசல் நேர் மேற்கு. ஹாலுக்கு முன்னால் போர்ச் இருப்பதால் அங்கே ஓரளவு தாங்கலாம், ஆனால் அம்மா படுக்கும் முன்னறைக்கு எந்த மறைப்பும் இல்லை, மூன்று மணிக்கு மேல் வெயில் நேராகக் கட்டில் மேலேயே விழுகிறது. நேற்று மாலை ஐந்து மணிக்கு அந்த அறையில் வெப்பமானி 36 காட்டியது. அம்மாவுக்கு 74 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நான் வேலை முடிந்து வரும்போது முகம் சிவந்து, விசிறிக்கு நேராக உட்கார்ந்திருப்பார். "ஒண்ணும் இல்லம்மா" என்பார். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஏர்கோன் இல்லை. வீட்டுக்காரர் ஆணி, திருகு எதுவும் அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார். போன வீட்டில் கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டினேன். காலி செய்யும்போது பசை கண்ணாடியோடு வெந்து பிடித்துக்கொண்டது, அதைக் காரணம் சொல்லி டெப்பாசிட்டில் 300 வெள்ளி (ரிங்கிட்) பிடித்துக்கொண்டார்கள். மறுபடியும் அப்படி இழக்க முடியாது.

ஹாலில் நாக்கோ ஜன்னல் (சாய்த்துத் திறக்கிற கண்ணாடிப் பலகைகளை அடுக்கியது), கிரில் வெளிப்பக்கம். அம்மா அறையில் வெளியே திறக்கும் கண்ணாடிக் கதவு ஜன்னல், கிரில் உள்பக்கம். இப்போது உள்ளே மெரூன் நிறத்தில் கனமான திரை போட்டிருக்கிறேன். அது போதவில்லை.

கண்ணாடிக்கடை · மார்ச் 9, இரவு 10.15

தங்கச்சி, பதினொரு வருடம் ஈப்போவில் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். உங்கள் திரைதான் இப்போது அந்த அறையில் அடுப்பு. சாதாரணக் கண்ணாடி, விழுகிற வெயில் சூட்டில் 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த வெயில் மெரூன் துணியில் பட்டு, துணி சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்ளேதான் பரவும். கண்ணாடி வெயிலை உள்ளே விடுமே தவிர, துணியிலிருந்து கிளம்புகிற சூட்டை அப்படியே வெளியே விடாது. ஐந்து மணிக்குத் திரையைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்னாலேயே, வெளியில், தடுக்க வேண்டும். கையில் காசு இருக்கிறதோ இல்லையோ, சொந்த வீடோ வாடகை வீடோ, முதல் வேலை அதுதான். மாலையில் மேற்குக் கண்ணாடியில் நேர் வெயில் விழும்போது ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட்டுக்கு மேல் சூடு வந்து இறங்கும். உங்கள் ஜன்னல் நான்கு அடிக்கு ஐந்து அடி என்றால் கிட்டத்தட்ட இரண்டு சதுர மீட்டர். ஒரு அயர்ன் பெட்டியைப் போட்டு அறைக்குள் வைத்துவிட்டு விசிறியும் போட்ட மாதிரி.

அலுமினியத் தாளைக் கண்ணாடியோடு ஒட்டுவது வேண்டவே வேண்டாம். பசை ஒரு பக்கம் இருக்கட்டும், கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி, சட்டத்துக்குள் இருக்கிற ஓரம் குளிர்ந்தே இருந்தால் கண்ணாடி விரிசல் விடும். கறுப்பு டின்டட் ஸ்டிக்கரிலும் இதே ஆபத்து உண்டு. அப்படி விரிசல் விட்ட கண்ணாடியை நானே எத்தனையோ வீட்டுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பத்தாவது வீடு · மார்ச் 9, இரவு 10.52

அண்ணே, எல்லா ஸ்டிக்கரையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். பசை இல்லாமல் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து ஒட்டுகிற வகை இருக்கிறது, உரித்தால் அப்படியே வந்துவிடும். வெள்ளி நிறத்தில் கண்ணாடி போலத் திருப்பி அடிக்கிற வகை வாங்கினேன். என் அறையில் வித்தியாசம் தெரிந்தது. வெளியில் எதையும் கட்ட முடியாத மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருப்பவர்கள் வேறு என்ன செய்வது?

கண்ணாடிக்கடை · மார்ச் 9, இரவு 11.05

சரிதான் தம்பி, மாடி வீட்டுக்கு அதுதான் வழி. திருப்பி அடிக்கிற வகையாக இருந்தால் நல்லது, வெறுமனே கறுப்பாக இருட்டடிப்பது சூட்டைக் குடித்து வைத்துக்கொள்ளும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஒட்டுங்கள். ஆனால் நாக்கோவுக்கு அது சரிப்படாது, ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக வெட்டி ஒட்டினாலும் காற்றுக்காகத் திறந்த உடனே இடுக்கு வழியாக வெயில் நேராக வந்துவிடும். தரைவீட்டில் இருப்பவருக்கு வெளி மறைப்பு இருக்கும்போது ஸ்டிக்கர் இரண்டாவதுதான்.

நர்சரி மாமா · மார்ச் 10, காலை 6.30

செம்பனைத் தோட்டத்தில் நாற்று மேடையில் நீண்ட நாள் வேலை செய்தவன் நான். சின்ன பாலிபேக்கில் இருக்கும் இளம் நாற்றுக்கு முதல் மூன்று மாதம் போல மேலே கறுப்பு வலை கட்டுவோம். நேர் வெயில் பட்டால் இலை கருகிவிடும். அந்த வலைக்குக் கீழே நண்பகலில் நடந்தால் உடம்புக்கே தெரியும், காற்றும் வரும், வெயிலும் கடிக்காது. அதே வலைதான் உங்களுக்கும் வேண்டும். உர மருந்துக் கடையிலும் ஹார்ட்வேர் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். 50, 70, 80 என்று இருக்கும், எத்தனை விழுக்காடு வெயிலை மறைக்கும் என்பதுதான் அந்த எண். ஜன்னலுக்கு 70 வாங்குங்கள். 90 போட்டால் அறை இருட்டாகி, அம்மா பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும், காற்றும் குறையும்.

ஹாலுக்கு வேலை சுலபம். கிரில் வெளிப்பக்கம் இருப்பதால் கேபள் டை போட்டு நான்கு மூலையிலும் கட்டிவிடலாம், ஒரு துளை வேண்டாம். வலையின் ஓரத்தை இரண்டாக மடித்து அந்த மடிப்புக்குள் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே காற்றில் கிழியும். கண்ணாடியோடு ஒட்டினாற்போல் இருக்கக் கூடாது, ஒரு சாண் இடைவெளி வேண்டும். கறுப்பு வலை தானே சூடாகும், அந்தச் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போக இடம் விட வேண்டும்.

வார்டு அக்கா · மார்ச் 10, காலை 7.10

கட்டுகிறவர்கள் எல்லாரும் கவனியுங்கள், திறக்கிற கிரிலைச் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். தீ என்று ஒன்று வந்தால் அந்த வழிதான் உயிர். சாவி பக்கத்திலேயே தொங்கட்டும்.

அப்புறம் மாலைவெயில், வலை கட்டி முடிக்கும் வரை அம்மாவைப் பகலில் அந்த அறையில் விடாதீர்கள், பாயைப் பின்னறைக்கு மாற்றுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது, கேட்டால் வேண்டாம் என்பார்கள், நாமே நேரம் வைத்துக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் யாராவது மதியம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் நல்லது. கழுத்து, அக்குள், முன்கை இங்கெல்லாம் ஈரத் துணியால் துடைத்து விசிறி போடுங்கள். உடம்பு அனலாகி, பேச்சுக் குழறி, ஆளே தடுமாறினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர எண் 999 கூப்பிடுங்கள். இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலது உடம்பில் தண்ணீரைக் குறைக்கும், கிளினிக்கில் அடுத்த முறை போகும்போது கேட்டு வையுங்கள்.

சுப்பிங்காரன் · மார்ச் 10, நண்பகல் 1.20

பெர்லிஸ் சுப்பிங்கிலிருந்து. நாட்டிலேயே அதிக வெயில் பதிவான இடம் எங்கள் ஊர்தான், 1998 ஏப்ரல் 9ஆம் தேதி 40.1 பாகை. அப்போது நான் சின்னப் பையன், பக்கம் பூராவும் கரும்புத் தோட்டம். ஜன்னலை எல்லாம் பகலில் அடைத்து, ராத்திரி திறந்து போடுவாள் பாட்டி. இப்போதும் அதையேதான் செய்கிறேன். வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும்போது ஜன்னலைத் திறப்பது வீண்.

பத்தாவது வீடு · மார்ச் 10, நண்பகல் 1.45

அது உங்கள் ஊருக்கு, பாட்டி காலத்துச் செங்கல் வீட்டுக்குச் சரியாக இருக்கலாம். இங்கே ஈரப்பதம் இருக்கிறதே, மூடி வைத்தால் மூச்சு முட்டுகிறது, வேர்வை காய்வதே இல்லை. காற்று வேண்டும்.

சுப்பிங்காரன் · மார்ச் 10, மாலை 3.02

இரண்டும் வேண்டும் என்கிறேன். வெயில் அடிக்கிற பக்கத்தை மூடு, நிழல் பக்கத்தைத் திற. அவருடைய வீட்டுக்கு மதியத்துக்கு மேல் பின்பக்கச் சமையலறை நிழலில் இருக்கும், அங்கே திறந்து வைக்கலாம். காலையில் அதுவே தலைகீழ், கிழக்கை மறைத்து மேற்கைத் திறக்க வேண்டும். இருட்டிய பிறகு வெளியே காற்று குளிர்ந்ததும் நிலை விசிறி ஒன்றை முன் ஜன்னலில் வெளியே பார்த்த மாதிரி வையுங்கள். அது உள்சூட்டைத் தள்ளிவிடும், பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று தானே இழுத்துக்கொண்டு வரும். கொசு வலை அடித்த ஜன்னலாக இருந்தால் நிம்மதி.

மாலைவெயில் · மார்ச் 10, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. அம்மாவைப் பின்னறைக்கு மாற்றிவிட்டேன், எதிர்வீட்டு அக்கா மதியம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக்கடை அண்ணன் சொன்னபடி ஐந்து மணிக்குத் திரையைத் தொட்டுப் பார்த்தேன், இஸ்திரி போட்டுவைத்த துணி போல இருந்தது. நாளை வலை வாங்கப் போகிறேன். ஹாலுக்கு வழி தெரிந்துவிட்டது, அம்மா அறைதான் புரியவில்லை. கிரில் உள்ளே, ஜன்னல் கதவு வெளியே திறக்கிறது, வலையை எதில் கட்டுவது?

இன்னொன்று, தமிழ்நாட்டில் இருக்கும் சித்தி வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார். இங்கே யாராவது செய்து பார்த்தீர்களா?

நர்சரி மாமா · மார்ச் 10, இரவு 9.05

வெட்டிவேர் வாசனையாக இருக்கும், ஆனால் வறண்ட காற்றில்தான் அது வேலை செய்யும். தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. மதுரைப் பக்கம் மே மாதக் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். நம்ம ஊர்க் காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கிறது, தட்டி நனைந்தபடியே கிடக்கும், அறைதான் புழுங்கும். அதற்காக வைக்கிற வாளித் தண்ணீரில் ஏடிஸ் கொசு வேறு வந்து முட்டை போடும். வேண்டாம்.

அம்மா அறைக்கு: இரண்டு பெரிய பெயின்ட் டின் எடுத்து, நடுவில் கம்பம் நிறுத்தி சிமெந்து ஊற்றுங்கள். பூப்பந்து வலை கட்ட நம் பையன்கள் செய்வார்களே, அதே மாதிரி. காய்ந்ததும் ஜன்னலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நிறுத்தி நடுவில் வலை. வீட்டில் ஒரு கீறல் விழாது, காலி செய்யும்போது லோரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம்.

தோட்டத்துப் பிள்ளை · மார்ச் 10, இரவு 10.20

இந்த இழையைப் படிக்கும்போது ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயன் வீடு கண்முன் வருகிறது. மேலே ஜிங்க், சுவர் பலகை, ஆனால் முன்னால் அஞ்சடி என்கிற திண்ணைத் தாழ்வாரம் இருந்தது. அந்த அஞ்சடிக்கு வெளி ஓரத்தில் அப்பா பிடாய் என்கிற மூங்கில் தட்டித் திரை தொங்கவிட்டிருப்பார், பக்கத்திலேயே அம்மாவின் பாகற்கொடிப் பந்தல். மாலை நேரம் கித்தா (ரப்பர்) மரம் அத்தனையும் சேர்ந்து வெயிலை வாங்கிக்கொள்ளும். ஜிங்க் கூரை நண்பகலில் கொதிக்கும், அதை நான் மறைக்க மாட்டேன், ஆனால் பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். இப்போது இருக்கும் தாமானில் கற்சுவர், சிமெந்துத் தரை, வாசலில் ஒரு மரம் கிடையாது, ராத்திரி பத்து மணிக்கும் சுவர் அனல் விடுகிறது. தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கு வீடு கிடைத்தது, நிழல் கிடைக்கவில்லை.

கண்ணாடிக்கடை · மார்ச் 11, காலை 7.40

சுவர் அனல் பற்றிச் சொன்னது முக்கியம். மேற்குச் சுவர் மதியம் முழுக்கச் சூட்டைக் குடித்து, சில மணி நேரம் கழித்து உள்பக்கம் கக்கும். அதனால்தான் வெயில் போன பிறகும் எட்டு, ஒன்பது மணிக்கு அறை வேகிறது. அதனால் வலையை ஜன்னல் அளவுக்கு மட்டும் வெட்டாதீர்கள், இரண்டு பக்கமும் சுவரையும் மறைக்கிற மாதிரி அகலமாக எடுங்கள். அகலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜூன் மாதம் சூரியன் வடமேற்காகச் சாயும், டிசம்பரில் தென்மேற்காக. ஒரு பக்கம் மட்டும் மறைத்தால் பாதி வருடம் மறுபக்க ஓரமாக நுழைந்துவிடும்.

மாலைவெயில் · மார்ச் 15, இரவு 9.15

நான்கு நாளில் நடந்ததைச் சொல்கிறேன். ஹாலுக்கு வலை கட்டி முடித்தேன், அரை மணி நேர வேலை, மடித்துக் கட்டியதால் வெள்ளிக்கிழமை இரவு அடித்த புயல் காற்றுக்கும் நின்றது. ஹாலில் மாலை ஐந்து மணிக்கு 34 இருந்தது 32 ஆகியிருக்கிறது. உட்கார முடிகிறது.

அம்மா அறையில் தோற்றுவிட்டேன். டின் இரண்டும் செய்தேன், கம்பம் ஆறடி. ஜன்னல் கதவு திறக்க இடம் வேண்டும் என்று மூன்றடி தள்ளி நிறுத்தினேன். நான்கு மணிக்குப் பார்த்தால் வெயில் வலைக்கு மேலாக ஏறி, கட்டில் மேலேயே விழுகிறது. ஆறு மணிக்குத்தான் வலை மறைக்கிறது. அவ்வளவு சிமெந்து சுமந்தும் அம்மாவுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று அழுகையே வந்துவிட்டது.

கண்ணாடிக்கடை · மார்ச் 15, இரவு 9.50

அழாதீர்கள், பாதி வேலை முடிந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். நம் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் ஓடுகிறது. 1982இல் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்களே, அதிலிருந்து இப்படித்தான். பேராக்கில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஒன்றே கால் மணியளவில். அதனால் நான்கே கால் மணிக்குக்கூட அது பாதி உயரத்தில், 45 பாகையில் நிற்கும். 45 பாகையில் வலை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, ஜன்னலின் மேல் விளிம்பை விட அவ்வளவு உயரமாகவும் இருக்க வேண்டும். மூன்றடி தள்ளி வைத்தால் மூன்றடி கூடுதல் உயரம். ஆறே கால் மணிக்குச் சூரியன் 15 பாகைக்கு இறங்கிவிடும், அப்போது ஒரு அடிகூட வேண்டாம், அதனால்தான் ஆறு மணிக்கு உங்கள் வலை வேலை செய்தது.

இரண்டு வழி இருக்கிறது. அம்மா அறை ஜன்னலில் ஒரு கதவை மட்டும் திறப்பது என்று வைத்துக்கொண்டு வலையை ஒன்றரை அடிக்குக் கொண்டு வாருங்கள், அல்லது கம்பத்தை உயர்த்தி மேல் ஓரத்தை வீட்டுப் பக்கமாகச் சாய்த்துக் கட்டுங்கள், கூரை விளிம்பை ஒட்டினாற்போல. கூரை ஓரத்து மழைநீர்த் தாரையில் மட்டும் எதையும் தொங்கவிடாதீர்கள், பெயர்ந்து வந்தால் அதற்கும் டெப்பாசிட் போகும்.

நர்சரி மாமா · மார்ச் 16, காலை 6.15

ஆறடிக் கம்பம் என்று நீங்கள் சொன்னதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை, அளவைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. கம்பத்தை வீணாக்க வேண்டாம், ஒவ்வொன்றோடும் ஒரு நீள மூங்கிலைச் சேர்த்து இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள், ஒன்பதடி வரும். வலையின் கீழ் ஓரத்தில் மணல் நிரப்பிய பாட்டில்களைக் கட்டுங்கள், காற்றில் பறக்காது. டின்களிலிருந்து உள்கிரிலுக்கு ஒரு கயிறு போட்டுக்கொண்டால் சாயாது, ஆனால் வார்டு அக்கா சொன்ன மாதிரி திறக்கிற கிரிலில் இல்லை.

அப்படியே இரண்டு தொட்டியில் பாகல் விதை போடுங்கள். ஆறு, ஏழு வாரத்தில் வலை மேல் ஏறிப் படரும். வலை வெயிலை மறைக்கும், இலையும் சேர்ந்துகொண்டால் சுவரும் ஆறும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், தண்ணீர் தேங்கும்.

வீடு விடுகிறவன் · மார்ச் 16, இரவு 8.40

நான் இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன், வீட்டுக்காரன் பக்கத்தையும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆணி வேண்டாம் என்று எழுதுவதற்குக் காரணம், ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு மழைத் தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போவது. எனக்கே இரண்டு ஜன்னல் சட்டம் மாற்ற வேண்டி வந்தது. ஆனால் கேட்காமல் செய்வதுதான் கோபத்தை வரவைக்கிறது. கட்டுவதற்கு முன் ஒரு படம், கட்டிய பிறகு ஒரு படம் கைப்பேசியில் அனுப்பி, "காலி செய்யும்போது எடுத்துவிடுவேன்" என்று எழுதிக் கேளுங்கள். என் வாடகைக்காரர் அப்படிக் கேட்டபோது நானே போர்ச்சில் இரண்டு கொக்கி அடித்துக் கொடுத்தேன். அவர் அதில் பிடாய் தொங்கவிட்டிருக்கிறார். மழைக்குச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் நாலைந்து வருடம் ஓடும்.

தோட்டத்துப் பிள்ளை · மார்ச் 16, இரவு 9.10

எல்லா வீட்டுக்காரரும் உங்களைப் போல இருப்பதில்லை ஐயா. ஆனால் எழுதிக் கேட்பது நல்ல யோசனை, பிறகு பேச்சு மாறினால் காட்ட ஒன்று இருக்கும்.

மாலைவெயில் · மார்ச் 24, இரவு 9.30

நர்சரி மாமா, உங்கள் மேல் தப்பே இல்லை, நான்தான் அளக்காமல் கம்பம் வாங்கினேன். மூங்கில் கட்டி உயர்த்தியாயிற்று. மேல் ஓரத்தை வீட்டுப் பக்கம் சாய்த்தேன், ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் இரண்டடி சுவரும் மறைகிறது. மெரூன் திரையை எடுத்துவிட்டு வெள்ளைத் துணி போட்டேன், அது கொஞ்சமாவது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பட்டும் என்று. அம்மா அறையில் மூன்று நாளாக மாலை ஐந்து மணிக்குக் குறித்து வருகிறேன்: 33, 33, 32. வெளியே மூன்று நாளும் 35க்குக் கிட்டத்தில்தான். முன்பு 36 இருந்த அறை இது. அம்மா தன் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். நேற்று நான் வரும்போது தூங்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அந்த அறையில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை, கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

மொத்தச் செலவு, இரண்டு ஜன்னலுக்கும் சேர்த்து, 70 வெள்ளிக்குள். வீட்டுக்காரருக்குப் படம் அனுப்பினேன். முதலில் பதில் இல்லை, இரண்டு நாள் கழித்து "ஓகே, சுவரில் கட்டாதே" என்று மட்டும் வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் இரவு ஒன்பது மணிக்குச் சுவரில் கை வைத்தால் முன்னைவிடக் குளிர்ச்சி, சீலிங்கில் மட்டும் அனல் இன்னும் இருக்கிறது.

கண்ணாடிக்கடை · மார்ச் 24, இரவு 10.00

அது கூரைச் சூடு. மாடி இல்லாத வீட்டில் ஜன்னலை அடைத்த பிறகு மிச்சம் இருப்பது அதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், மறுபடி செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும். அந்த நாள்களில் நண்பகலில் ஜன்னலுக்கு ஒன்றும் ஆகாது, ஓடுதான் எல்லாவற்றையும் வாங்கும். சீலிங்குக்கு மேலே சூடு தடுக்கும் பஞ்சு விரிக்கலாம், அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. நீங்களாக ஏறிச் சீலிங்கைத் தொடாதீர்கள். பழைய தாமான்களில் சீலிங் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், உடைத்தால் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இப்போதைக்கு சுப்பிங் தம்பி சொன்ன ராத்திரி விசிறியைச் செய்யுங்கள்.

வீடு விடுகிறவன் · மார்ச் 25, காலை 8.05

கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம்தான் கேட்க நல்ல நேரம். ஒழுங்காக வாடகை கட்டுகிறவர் போய்விடக் கூடாது என்று நாங்களும் நினைப்போம்.

மாலைவெயில் · மார்ச் 25, இரவு 8.50

ஜூலையில் புதுப்பிக்க வேண்டும், அப்போது கேட்கிறேன். விசிறியை நேற்றிரவு ஏழே முக்காலுக்கு முன் ஜன்னலில் திருப்பி வைத்தேன், பின்கதவின் கம்பிக் கதவை மட்டும் பூட்டிவிட்டு மரக்கதவைத் திறந்தேன். ஒன்பதரைக்கு அறை 30. பாகல் விதை ஐந்து போட்டதில் மூன்று முளைத்திருக்கிறது, அம்மாதான் தண்ணீர் ஊற்றுகிறார்.

புதிய உறுப்பினர் ரந்தாவ் · மார்ச் 26, மாலை 6.40

வணக்கம் அக்கா, நெகிரி செம்பிலான் ரந்தாவில் இருக்கிறோம், எங்களுக்கும் மேற்கு ஜன்னல், வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. கிரில் வெளிப்பக்கம். ஜன்னல் ஐந்தடிக்கு நான்கடி. வலை எவ்வளவு வாங்க வேண்டும்?

மாலைவெயில் · மார்ச் 26, இரவு 9.00

தம்பி, அகலம் ஐந்தடியா உயரம் ஐந்தடியா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், நான் அதைத்தான் முதலில் மாற்றிச் சொல்லி இரண்டாவது முறை கடைக்குப் போனேன். அகலம் ஐந்தடி என்றால் எட்டடி அகலம், ஆறடி உயரம் வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு அடிக்கு மேல் சுவரை மறைக்கும், மீதி மடித்துக் கட்டுவதற்கு. 70 என்று கேட்டு வாங்குங்கள். கேபள் டை கறுப்பு நிறத்தில் எடுங்கள், வெள்ளை வெயிலில் சீக்கிரம் ஒடிந்துவிடுகிறது. தொட்டிலை இன்றைக்கே அந்த ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்துவிடுங்கள். சனிக்கிழமை கட்டுகிறீர்கள் என்றால் காலையிலேயே கட்டுங்கள், அதற்குமேல் கிரில் கம்பியைத் தொட முடியாது.